காளைக் கன்றின் பருவ மாற்றம்

தாய்மடியை முட்டிப் பால் குடித்த கன்று, ஓராண்டு நிரம்பும் முன்னரே கழுத்துத் தடித்து, குரல் மாறி, மண்ணைக் காலால் கிளறி நிற்கும் இளங்காளையாகி விடுகின்றது. இம்மாற்றத்தை விளைப்பது யாது? இரத்தத்திற் கலந்தோடும் சிற்சில இரசாயனப் பொருள்களே என்பது அறிஞர் கண்ட முடிபு. அவற்றிற்கு ஹார்மோன் என்னும் பெயரை 1905-ஆம் ஆண்டில் வழங்கியவர் ஸ்டார்லிங் என்னும் ஆங்கில அறிஞர் ஆவார்.

இவற்றுள் ஆண்மைக்குரிய டெஸ்டோஸ்டிரோன் முதன்முதல் பிரித்தெடுக்கப்பட்டதும் காளையின் விரையினின்றேயாம். 1935-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் லாக்கர் என்பாரும் அவருடன் உழைத்தோரும் சுமார் 100 கிலோகிராம் விரைகளினின்று 10 மில்லிகிராம் அளவே பெற்றனர். இத்துணைச் சிறிதளவு கொண்டு இயற்கை எத்துணைப் பெரிய காரியத்தை முடிக்கின்றது!

பால்மாட்டு இனங்களுள் ஒன்றாகிய ஹோல்ஸ்டீன் இனத்தை உதாரணமாகக் கொள்வோம். பருவமடைதல் விரையில் தொடங்குவதன்று, மூளையில் தொடங்குவது. மூளையின் அடியிலுள்ள ஹைபோதலாமஸ் என்னும் பாகம் ஒரு தூது ஹார்மோனை விட்டுவிட்டு வெளியிடுகின்றது. இதனை ஆராய்ந்த கியமன், ஷாலி இருவரும் 1977-இல் நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். அத்தூது பிட்யூட்டரிச் சுரப்பியை எழுப்ப, அச்சுரப்பி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்னும் இரண்டினை இரத்தத்தில் விடுகின்றது. முன்னது விரையிலுள்ள லைடிக் அணுக்களைத் தூண்டி டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பிக்கும். பின்னது, விந்தணுக்களுக்குச் செவிலித்தாய் போன்ற செர்ட்டோலி அணுக்களைப் பெருக்கும்.

பிறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் வரையில் இவ்வமைப்பு உறங்குவது போலவே இருக்கும். இரண்டாம் மாதத்திற்கும் ஐந்தாம் மாதத்திற்கும் இடையே எல்.எச். ஒருமுறை உயர்ந்து பின்பு தாழும். அதன்பின் டெஸ்டோஸ்டிரோன் படிப்படியாக மிகும். விரைகள் விரைந்து வளரும். நன்கு ஊட்டம் பெற்ற கன்று சுமார் 9, 10 மாதங்களில் பருவமெய்தும். ஒருமுறை வெளிப்படும் விந்தில் 5 கோடி அணுக்களேனும் இருந்து, அவற்றுள் நூற்றுக்குப் பத்தேனும் முன்னோக்கி இயங்குமாயின் அதுவே பருவத்தின் அளவுகோல். அப்போது விரைப்பையின் சுற்றளவு ஏறத்தாழ 28 சென்டிமீட்டர் இருக்கும்.

இங்கு மாடு வளர்ப்போர் கருத்தில் இருத்தவேண்டிய உண்மை ஒன்றுண்டு. முதல் ஆறு மாதங்களில் நிறைந்த உணவு பெறும் கன்றிற்கு எல்.எச். மிகுதியாகச் சுரக்கின்றது, பருவம் முந்துகின்றது, விரைகளும் பெரியனவாகின்றன. செர்ட்டோலி அணுக்களின் பெருக்கமோ பருவத்திற்கு முன்னரே நின்றுவிடுகின்றது. அவற்றின் தொகையே அக்காளை வாழ்நாளெல்லாம் உண்டாக்கும் விந்தணுக்களின் அளவை வரையறுக்கின்றது. ஆகவே இளமையில் பட்டினியிட்டுப் பிற்காலத்தில் தீனியைக் குவித்தாலும் இழந்தது முற்றும் மீளாது.

செயற்கைக் கருவூட்டலால் ஒரு பொலிகாளை ஆயிரக்கணக்கான கன்றுகளுக்குத் தந்தையாகும் காலம் இது. எனவே, பொலிகாளையாக்கக் கருதி வளர்க்கும் கன்றிற்கு முதல் மாதங்களில் பாலைக் குறைப்பது சிக்கனமன்று; அது வருங்காலப் பட்டியையே குறைப்பதாகும். மேலும், கையில் தீனியுண்டு பழகிய கன்றாயினும், பருவமெய்திய பின் அதனைக் கன்றென்று எண்ணி அருகில் அசட்டையாக நிற்றலாகாது. பால்மாட்டினக் காளைகள் ஆளைக் கொல்லவும் கூடியவை. அதன் உடலில் ஓடும் ஹார்மோன் பழைய நட்பை அறியாது.