கரடிப் பாதத்துக்கு மீன் தோல் கட்டு!



விளையாடும்போது முழங்காலில் அடிபட்டால் மருந்து போட்டுக் கட்டிக் கொள்கிறோம். காட்டில் வாழும் கரடிக்குப் பாதம் வெந்து போனால் யார் கட்டுப் போடுவது?

2017 டிசம்பரில் அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் பெரிய காட்டுத் தீ பரவியது. அதற்கு 'தாமஸ் தீ' என்று பெயர். இரண்டு கருங்கரடிகளும் ஒரு பூமா குட்டியும் அதில் சிக்கின. பாதங்கள் வெந்து போனதால் அவற்றால் நடக்க முடியவில்லை.

கால்நடை மருத்துவர் ஜேமி பெய்டனுக்குப் பெரிய சிக்கல். துணிக்கட்டு போட்டால் கரடி அதைக் கடித்து விழுங்கிவிடும். துணி குடலில் அடைத்துக் கொண்டால் உயிருக்கே ஆபத்து! மயக்க மருந்து கொடுக்காமல் கரடியின் அருகே போகவும் முடியாது. தினமும் கட்டை மாற்றுவது எப்படி? போதாக்குறைக்கு, ஒரு கரடி கர்ப்பமாக இருந்தது. கூண்டில் குட்டி ஈன்றால் தாய் அதை ஒதுக்கிவிடக்கூடும். சீக்கிரம் குணமாக்கிக் காட்டுக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

அவர் என்ன செய்தார் தெரியுமா? கிருமி நீக்கிய மீன் தோலைப் பாதத்தில் வைத்துத் தைத்தார்! அதன் மேல் அரிசித் தாளும் சோள மட்டையும் சுற்றினார். இவற்றைத் தின்றாலும் கெடுதல் இல்லை அல்லவா? அதுவரை பெரும்பாலும் படுத்தே கிடந்த கரடி எழுந்து நின்றது. 2018 ஜனவரியில் இரண்டு கரடிகளும் காட்டுக்குத் திரும்பின.

இந்த யோசனை பிறந்த இடம் பிரேசில் நாடு. அங்கே ஃபோர்டலேசா நகர மருத்துவர்கள் தீக்காயம் பட்ட மனிதர்களுக்கு 'திலாப்பியா' மீனின் தோலைப் போட்டுப் பார்த்தார்கள். நம் ஊரில் ஜிலேபிக் கெண்டை என்கிறோமே, அந்த இனம்தான். மீனைத் தின்றுவிட்டுக் குப்பையில் எறிகிற தோல் அது! அதைச் சுத்தம் செய்து, கிருமிகளை நீக்கி, மீன் வாடையையும் போக்கிப் பயன்படுத்துகிறார்கள். துணிக்கட்டை அடிக்கடி பிரிக்கும்போது தீக்காயக்காரர் துடித்துப் போவார். மீன் தோலோ பல நாட்கள் அப்படியே ஒட்டியிருக்கும். வலி வெகுவாகக் குறைகிறது.

மீன் தோலில் அப்படி என்ன இருக்கிறது? நம் தோலுக்கு உறுதி தருவது 'கொலாஜன்' என்ற புரதம். அது மீன் தோலிலும் நிறைய உண்டு. மேலும், அது காயத்தின் ஈரத்தைக் காக்கிறது.

"காயம் காய்ந்தால்தானே ஆறும்?" என்று கேட்பீர்கள். வெகுகாலம் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். 1962ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் சிறு காயங்களில் சிலவற்றை பாலிதீன் தாளால் மூடினார். சிலவற்றைத் திறந்தே விட்டார். மூடிய காயத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் புதுத்தோல் வளர்ந்தது! காரணம் இதுதான்: புதுத்தோலின் செல்கள் காயத்தின் ஓரத்திலிருந்து ஊர்ந்து வருகின்றன. ஈரமாக இருந்தால் சுலபமாக நகரும். காய்ந்த பொருக்கு இருந்தால், அதன் அடியில் வழி தேடிச் சுற்றிப் போக வேண்டும்.

இப்போது கடற்பாசியிலிருந்தும், இறால் ஓட்டிலிருந்தும்கூடக் காயக்கட்டுகள் செய்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. சமையலறை மீன் தோலை எடுத்து ஒட்டிவிடாதீர்கள்! அதில் கிருமிகள் இருக்கும். காயத்தில் காப்பித் தூள், மண் எதையும் அப்பவும் கூடாது. குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவி, சுத்தமான துணியால் மூடுங்கள். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் குளிர்ந்த குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள், பற்பசை தடவாதீர்கள். ஆழமான காயம், துருப்பிடித்த ஆணி, பெரிய தீக்காயம் என்றால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

திட்டு விழுமே என்று காயத்தை மறைக்காதீர்கள், செல்லங்களே! அம்மாவிடமோ ஆசிரியரிடமோ முதலில் சொல்லிவிடுங்கள். பொருக்கையும் பிய்க்காதீர்கள். அதன் அடியில் உங்கள் புதுத்தோல் வளர்ந்து கொண்டிருக்கிறது.