பைக்குக்கு எந்த ஆயில்?

ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஆயில் பாட்டில்களின் முன்பக்கத்தில் சீறிப் பாயும் பைக்கும் தீப்பிழம்பும்தான் இருக்கும். வாங்குபவருக்கு வேண்டிய சேதி பின்பக்கத்தில், பொடி எழுத்தில்.

முதலில் தேட வேண்டியது ‘ஜாசோ’ என்ற சொல்லை. காரில் இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் தனித்தனி ஆயில். பெரும்பாலான பைக்குகளில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். சிக்கலே அங்கேதான். இன்ஜினுக்கு வழவழப்பு வேண்டும். கிளட்ச் தட்டுகளுக்கோ பிடிப்பு வேண்டும். சில கார் ஆயில்களில் மைலேஜுக்காக உராய்வைக் குறைக்கும் மாலிப்டினம் சேர்மங்களைக் கலப்பார்கள். அதைப் பைக்கில் ஊற்றினால் கிளட்ச் ஸ்லிப் ஆகலாம்: ஆக்சிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் கத்தும், வண்டி வேகம் எடுக்காது. இதைத் தவிர்க்க ஜப்பானில் 1998-இல் வகுத்த தரம்தான் ஜாசோ. கியர் வண்டிக்கு எம்ஏ அல்லது அதைவிடப் பிடிப்பு கூடிய எம்ஏ2. ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலில் நனைவதில்லை என்பதால் அதற்கு எம்பி. ஸ்கூட்டரில் எம்ஏ ஊற்றினால் பெரிய கேடில்லை, மைலேஜ் கொஞ்சம் குறையலாம். பைக்கில் எம்பி ஊற்றுவதுதான் வம்பு.

அடுத்தது 10டபிள்யூ-30, 20டபிள்யூ-40 போன்ற எண்கள். டபிள்யூ குளிர்காலத்தைக் குறிக்கும். 10டபிள்யூ ஆயிலை மைனஸ் 25 டிகிரியிலும் 20டபிள்யூ ஆயிலை மைனஸ் 15 டிகிரியிலும் வைத்து, இன்ஜின் சுழல இடம் கொடுக்கிறதா என்று சோதிப்பார்கள். ஊட்டி உறைபனிக்குக்கூட 20டபிள்யூ தாராளம். நமக்கு முக்கியம் பின்னால் வரும் எண். அது 100 டிகிரி சூட்டில் ஆயிலின் பாகுத்தன்மை. 30 என்றால் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக் வரை. 40 என்றால் அதற்கு மேல் 16.3 வரை.

“நம்ம ஊர் வெயிலுக்குக் கெட்டி ஆயில்தான் தாங்கும்” என்று பல மெக்கானிக்குகள் சொல்வார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஸ்பிளெண்டருக்கு 10டபிள்யூ-30 என்று கையேட்டில் எழுதியவர்கள் இந்தியக் கோடையை அறியாதவர்களா? தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கேம்ஷாஃப்ட் வரை ஏறத் தாமதிக்கும். தேய்மானம் மிகுவது அந்த நேரத்தில்தான். அதற்காக 15டபிள்யூ-50 கேட்கும் 350 சிசி ராயல் என்ஃபீல்டில் 30 ஊற்றுவதும் தவறுதான்.

இரண்டு எண்களுக்கும் இடைவெளி கூடக் கூட, சூட்டில் ஆயில் நீர்த்துப்போகாமல் காக்கும் பாலிமர்கள் அதிகம் தேவைப்படும். அந்தப் பாலிமர்களின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளைக் கியர் பற்கள் நறுக்கிக்கொண்டே இருக்கும். அளவு குறையாவிட்டாலும் காலக்கெடுவில் ஆயிலை மாற்றச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். நல்ல சிந்தெடிக் ஆயிலுக்கு இயல்பிலேயே சூடு தாங்கும் குணம் உண்டு. பாலிமர் குறைவாகப் போதும், விலைதான் அதிகம். கையேடு கேட்காதவரை, அலுவலகம் போய்வரும் 100 சிசி வண்டிக்கு மினரல் ஆயிலே போதும் என்பேன். ‘செமி சிந்தெடிக்’ என்ற பெயரில் சிந்தெடிக் எத்தனை பங்கு என்று பாட்டில்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

எஸ்எல், எஸ்என் என்று பாட்டிலில் வரும் ஏபிஐ தரக் குறியீடுகளில் அதிகம் குழம்ப வேண்டாம். கையேடு எஸ்எல் கேட்டால், 2010-இல் வந்த எஸ்என் ஆயிலும் சரிதான், ஜாசோ பொருந்தினால்.

ஊற்றிய பிறகு காலி பாட்டிலில் ஓட்டை போட்டுவிட்டு எறியுங்கள். அதே பாட்டிலில் கழிவு ஆயிலை நிரப்பி விற்பவர்களும் உண்டு.