உப்புக்காற்றில் ஒரு குரலைக் காப்பது

இரும்பை மாகாளத்தைச் சம்பந்தர் பாடிய பதிகம் இரண்டாம் திருமுறையில் இருக்கிறது. சொல் நம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. பண்ணைக் காப்பாற்றத்தான் பெரும்பாடு பட்டிருக்கிறார்கள். தில்லையில் பூட்டிக் கிடந்த அறையில் கறையான் தின்றது போக மிஞ்சிய ஏடுகளை நம்பியாண்டார் நம்பி எடுத்துத் தொகுத்தார். பண் தெரியாமல் திகைத்தபோது, எருக்கத்தம்புலியூரில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் பிறந்த ஒரு பெண்ணைக் கண்டுபிடித்து அவர் வழியாகப் பண் வகுத்தார்கள் என்கிறது திருமுறை கண்ட புராணம். அன்று ஏடும் அழிந்துகொண்டிருந்தது, பாட்டின் மெட்டு தெரிந்தவர்களும் குறைந்துகொண்டிருந்தார்கள். ஒலி ஆவணக் காப்பகத்தில் மேற்பார்வையாளராக இருப்பவருக்கு இன்றும் இந்த இரண்டு கவலைகள்தான்: ஒலி ஏறியிருக்கும் பொருள் கெட்டுப்போகிறது, அந்த ஒலி என்னவென்று சொல்லத் தெரிந்தவர்கள் போய்விடுகிறார்கள்.

இரும்பை, வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டிய ஊர். தெற்கே புதுச்சேரி, வடக்கே கழுவெளியும் மரக்காணம் உப்பளங்களும். கடற்காற்றில் ஈரமும் உப்பும் வருடம் முழுக்க இருக்கும். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அது படிந்த இடத்தில் இரும்பு துருப்பிடிக்கும். ஒலிநாடாவுக்கும் அதை ஓட்டும் இயந்திரத்துக்கும் இதைவிட மோசமான காற்று கிடையாது. அதனால் இந்த வேலையை விளக்க இந்தக் கரையே சரியான இடம் என்று நினைக்கிறேன். தவிர, இங்கே காக்க வேண்டிய ஒலியும் நிறைய உண்டு.

1968 பிப்ரவரி 28-ஆம் தேதியை எடுத்துக்கொள்வோம். ஆரோவில் தொடங்கிய நாள். அதை நிறுவிய ஸ்ரீ அன்னைக்கு அப்போது 90 வயது. விழா இடத்துக்கு அவர் வரவில்லை. புதுச்சேரி ஆசிரமத்தில் தன் அறையிலிருந்து பிரெஞ்சு மொழியில் ஆரோவில் சாசனத்தை வாசித்தார். அந்தக் குரல் அகில இந்திய வானொலி வழியாக, செம்மண் பொட்டலில் கூடியிருந்த சுமார் 5,000 பேருக்குக் கேட்டது. சாசனம் தமிழ் உட்பட 16 மொழிகளில் வாசிக்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்து வந்த மண்ணைத் தாழியில் இட்டார்கள்.

இந்த நாளின் ஒலி என்று சொல்லி ஒருவர் ஒரு ஸ்பூல் டேப்பைக் காப்பகத்தில் கொண்டுவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் மேல் தேதி மட்டும் எழுதியிருக்கிறது. உடனே இயந்திரத்தில் மாட்டிக் கேட்டுவிடத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். அந்தக் கையைத் தடுப்பது மேற்பார்வையாளரின் முதல் வேலை. கேட்பதற்கு முன் பார்க்க வேண்டும், மோந்து பார்க்க வேண்டும்.

எதைப் பார்ப்பார்? முதலில், இது அசலா, நகலா? வாசித்த அறையில் பதிந்த குரல், மைதானத்து ஒலிபெருக்கியில் கேட்டுப் பதிந்த குரல், யாரோ வீட்டில் வானொலிப் பெட்டி முன்னால் மைக் வைத்துப் பதிந்த குரல் மூன்றும் ஒரே பேச்சாக இருக்கலாம். மூன்றும் வெவ்வேறு ஆவணங்கள். அறையில் பதிந்ததில் மூச்சு கேட்கும். மைதானத்தில் பதிந்ததில் கூட்டம் கேட்கும். இரண்டாவதில் தெளிவு இல்லை என்று தூக்கிப் போட்டால், அந்தக் கூட்டத்தின் சத்தம் இனி எங்கேயும் கிடைக்காது. இதைச் சொல்லித் தருவதற்கே ஒரு மேற்பார்வையாளர் வேண்டும்.

அடுத்து, நாடா எதில் செய்தது? ஸ்பூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால், பழைய அசிட்டேட் நாடாவாக இருந்தால் சுருளின் ஊடே வெளிச்சம் தெரியும். பாலியெஸ்டர் நாடா இருட்டாக இருக்கும். அசிட்டேட் கெடத் தொடங்கினால் வினிகர் நாற்றம் அடிக்கும். அந்த நாற்றம் அடித்த பெட்டியைத் தனி அறையில் வைத்துவிட வேண்டும். அதிலிருந்து வரும் அமில ஆவி பக்கத்து அலமாரியில் இருப்பதையும் கெடுக்கும். வெள்ளையாகவோ பழுப்பாகவோ பூசணம் தெரிந்தாலும் தனிமைதான். முகக்கவசமும் கையுறையும் இல்லாமல் யாரையும் தொடவிடக் கூடாது. காப்பகப் பணியாளரின் நுரையீரலும் மேற்பார்வையாளரின் பொறுப்பில் இருக்கிறது.

பாலியெஸ்டர் நாடாவுக்கு வேறொரு நோய். நாடாவின் மேல் இரும்பு ஆக்சைடு துகளை ஒட்டிவைத்திருப்பது ஒரு பசை. 1970-களிலும் 80-களிலும் வந்த பல நாடாக்களில் இருந்த பசை, காற்றின் ஈரத்தை உறிஞ்சி வேதியியல் முறையில் சிதைகிறது. மழைக்காலத்தில் சுவரொட்டிப் பசை ஊறிப்போவது போலத்தான். அப்படிப்பட்ட நாடாவை ஓட்டினால் கிறீச்சிடும், நின்று நின்று ஓடும், இயந்திரத்தின் ஹெட்டில் பழுப்பு நிறப் பிசின் அப்பிக்கொள்ளும். ஹெட்டில் ஒட்டியிருப்பது வெறும் அழுக்கு என்று துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார்கள் சிலர். அந்தப் பிசினோடு வந்தது ஒலியே. துடைத்ததும் அது போயிற்று.

இதற்கு ஒரு வைத்தியம் உண்டு. ஆய்வகத்தில் பயன்படும், வெப்பம் ஏறி இறங்காத அடுப்பில் ஏறக்குறைய 50 டிகிரி செல்சியஸில் பல மணி நேரம் வைத்தால் பசையின் ஈரம் வெளியேறி நாடா தற்காலிகமாகத் தேறும். சில வாரங்கள் ஓடும். அதற்குள் நகல் எடுத்துவிட வேண்டும். வீட்டு அவன் ஆகாது, அதன் வெப்பம் நிலையாக நிற்காது. அசிட்டேட் நாடாவை இப்படிச் சூடாக்கினால் பாழாகிவிடும். எந்த நாடாவுக்குச் சூடு, எதற்குக் கூடாது என்று கையெழுத்துப் போட்டுச் சொல்லும் ஆள் மேற்பார்வையாளர். தொழில்நுட்பர் தானாக முடிவெடுக்கக் கூடாத இடம் இது.

இசைத்தட்டுக்கு வேறு கணக்கு. பழைய 78 சுழற்சி ரிக்கார்டு அரக்கும் கனிமப் பொடியும் கலந்து செய்தது. சாராய வகைத் திரவம் எதையும் அதன் மேல் ஊற்றினால் அரக்கு கரைந்துவிடும். நாடா இயந்திரத்தின் ஹெட்டைத் துடைப்பதற்கு அதே வகைத் திரவம்தான் சரியான மருந்து. ஒரே மேசையில் இரண்டு வேலையும் நடக்கும் காப்பகத்தில் புட்டி மாறினால் போதும். புட்டிகளைத் தனித்தனி அலமாரியில் வைக்கச் சொல்வதும் மேற்பார்வைதான்.

இனி, வரிசை. என் கருத்தில் இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது. ஒரு மணி நேர நாடாவைப் பார்த்து, துடைத்து, ஓட்டி, சரிபார்த்து, விவரம் எழுதி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். ஒலியை வேகமாக ஓட்டி நகல் எடுக்கும் குறுக்கு வழியைக் காப்பகங்கள் ஏற்பதில்லை. ஓடும்போது ஆள் உட்கார்ந்து கேட்க வேண்டும். எல்லாவற்றையும் காப்பாற்ற ஒரு ஆயுள் போதாது. நாடாவை ஓட்டும் இயந்திரங்களும் அவற்றின் உதிரிப் பாகங்களும் அருகி வருகின்றன. யுனெஸ்கோவும் சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகச் சங்கமும் 2019-இல் உலகம் முழுவதும் ஓர் எச்சரிக்கை விட்டன: 2025 வாக்கில் நாடாக்களைத் தொடர்ந்து நகலெடுப்பதே கடினமாகிவிடும் என்று. அந்த ஆண்டு வந்தும் போய்விட்டது. ஆகவே எது முதலில் என்று யாராவது தீர்மானிக்க வேண்டும்.

புகழ்பெற்ற பேச்சாளரின் நாடாவுக்கு முதல் மரியாதை கொடுப்பது எளிது. அந்தப் பேச்சு ஏற்கெனவே வெளியாகி, வேறு நான்கு இடங்களில் நகல் இருக்கக் கூடும். இரும்பையில் கடுவெளிச் சித்தர் கதையை ஒரு பாட்டி சொல்லி யாரோ பதிந்த கேசட்டுக்கு இன்னொரு நகல் கிடையாது. சித்தர் கோபத்தில் லிங்கம் வெடித்ததும், செப்புத் தகடு கட்டி அதை ஒன்று சேர்த்ததும் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. ஆளுக்கு ஆள் அது மாறும். எந்தப் பாட்டி, எந்தத் தெரு, எந்த ஆண்டு சொன்னது என்பதில்தான் அந்தப் பதிவின் மதிப்பு இருக்கிறது. வேறெங்கும் இல்லாததும் வேகமாகக் கெட்டுக்கொண்டிருப்பதும் முதலில். மற்றவை காத்திருக்கலாம்.

நகலெடுப்பதில் ஒரு கூத்துக் கேசட்டை உதாரணமாகப் பார்க்கலாம். விழுப்புரம் பக்கம் கூத்து விடிய விடிய நடக்கும். பேட்டரியில் ஓடும் ரிக்கார்டரில் பதிந்திருப்பார்கள். நள்ளிரவுக்கு மேல் பேட்டரி இறங்க இறங்க மோட்டார் மெதுவாகும். நாடா மெதுவாக நகரும்போது பதிந்த ஒலியை இன்று சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் கீச்சென்று உயர்ந்து கேட்கும். கட்டியங்காரன் வேண்டுமென்றே குரல் மாற்றினானா, பேட்டரி போனதா? ஆர்மோனியத்தைக் கேட்க வேண்டும். அதன் சுருதி விடியும் வரை மாறாது. ஆர்மோனியமும் சேர்ந்து உயர்ந்திருந்தால் குற்றம் பேட்டரியுடையது. அப்போதும் காப்பகத்தின் மூல நகலில் கைவைக்கக் கூடாது. நாடாவில் இருப்பது இருக்கிறபடியே ஒரு கோப்பு; வேகம் திருத்தியது தனியாக இன்னொரு கோப்பு; என்ன திருத்தினோம் என்று ஒரு குறிப்பு. 60 நிமிடக் கேசட்டைப் பாதியில் திருப்பிப் போடும்போது விட்டுப்போன வசனம் எந்த இடம் என்பதையும் குறிக்க வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வரும் ஆய்வாளர், அந்த ஊரில் அந்தக் கட்டத்தை ஆடுவதில்லை என்று எழுதிவிடுவார்.

இரைச்சலை நீக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் நிறைய. கேட்பவருக்குக் கொடுக்கும் நகலில் நீக்கலாம். மூல நகலில் நீக்கக் கூடாது. பின்னணியில் கேட்கும் உலக்கைச் சத்தமும் பம்புசெட் சத்தமும் அந்த ஆண்டில் அந்த ஊர் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சி. இன்றைய மென்பொருள் இரைச்சல் என்று வெட்டியதை நாளைய மென்பொருளால் திரும்பக் கொண்டுவர முடியாது. மூல நகலுக்கு உலகக் காப்பகங்கள் பொதுவாகப் பின்பற்றும் அளவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், சுருக்கப்படாத வேவ் கோப்பு. ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி. எம்பி3-யில் போட்டால் இடம் மிச்சமாகும், ஒலியின் ஒரு பகுதி ஒரேயடியாகப் போகும்.

கோப்பு ஆன பிறகு யாருடைய குரல் என்று எழுத வேண்டும். இங்கே டச்சு அறிஞர் ஆர்னால்டு பேக் கதை பயன்படும். 1938-இல் தென்னிந்தியாவில் ஊர் ஊராகப் போய்ப் பாட்டும் சடங்கும் பதிந்தவர் அவர். 1984-இல் நசீர் ஜைராஸ்பாயும் ஏமி காட்லினும் அந்தப் பதிவுகளோடு அதே ஊர்களுக்குத் திரும்பப் போனார்கள். பாடியவர் யார், இப்போது யார் பாடுகிறார்கள், எது மாறியது என்று உட்கார்ந்து கேட்டார்கள். காகிதத்தில் இல்லாத விவரம் ஊராரின் வாயில் இருந்தது. 1982-இல் தொடங்கி இப்போது குருகிராமில் இயங்கும் இனவிசையியல் ஆவண மையம், வெளிநாட்டுக்குப் போன இத்தகைய பதிவுகளின் நகல்களை இந்தியாவுக்குக் கொண்டுவருவதைத் தன் நோக்கங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. நம் பக்கத்துக் காப்பகங்களும் ஒலியை எடுத்துக்கொண்டு மரக்காணத்துக்கும் இரும்பைக்கும் போக வேண்டும். குரலை அடையாளம் சொல்லக்கூடிய கடைசி ஆளுக்கு எண்பது வயதென்றால், அந்த நாடா வரிசையில் முன்னால் வந்துவிட வேண்டும்; நாடா நல்ல நிலையில் இருந்தாலும்கூட.

அறையைப் பற்றி. ஏறக்குறைய 20 டிகிரி வெப்பமும் 40 சதவீதத்துக்கு மிகாத ஈரப்பதமும் இருந்தால் நல்லது. இந்தக் கரையில் அதை எட்டச் செலவு பிடிக்கும். செலவைவிட மோசமான தவறு, பகலில் ஏசி போட்டு மாலையில் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போவது. தினமும் ஏறி இறங்கும் ஈரம், நிலையாக இருக்கும் கொஞ்சம் கூடுதல் வெப்பத்தைவிடக் கெடுதல் செய்யும். இரவெல்லாம் ஓட்ட முடியாதென்றால் காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் மேல். ஜெல் நிறம் மாறியதும் மாற்ற ஒரு ஆளும் ஒரு பதிவேடும் வேண்டும்.

புயலை மறக்க முடியாது. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் புதுச்சேரியில் 49 சென்டிமீட்டர், மயிலத்தில் 51 சென்டிமீட்டர் மழை. அடித்தட்டில் எதையும் வைக்காத அலமாரி, தரைத்தளத்தில் இல்லாத அறை, இரண்டும் இங்கே ஆடம்பரம் கிடையாது. டிஜிட்டல் நகல் மூன்று இருக்க வேண்டும் என்பார்கள். ஒன்று இரும்பையிலும் ஒன்று புதுச்சேரியிலும் இருந்தால் புயல் கணக்கில் இரண்டும் ஒரே ஊர். மூன்றாவது கோயம்புத்தூரிலோ பெங்களூருவிலோ இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கும் சொல்லாமல் கொள்ளாமல் கெடும். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் எண் கணக்கிட்டு வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் திரும்பக் கணக்கிட்டால், ஒரு பிட் மாறியிருந்தாலும் எண் காட்டிக்கொடுத்துவிடும்.

உங்கள் வீட்டுப் பரணில் தாத்தா பாடிய கேசட் ஒன்று இருந்தால், பழைய டேப்ரிக்கார்டரில் போட்டுப் பார்க்காதீர்கள். ரப்பர் உருளை இறுகிய இயந்திரம் நாடாவைத் தின்றுவிடும். கேசட்டை உறையில் போட்டு நிமிர்த்தி, ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் இல்லாமல், வெயில் படாத உள்ளறையில் வையுங்கள். பின்விளிம்பில் இருக்கும் சிறு பிளாஸ்டிக் தடுப்பு இரண்டையும் உடைத்துவிட்டால் மேலே வேறெதுவும் பதிய முடியாது. பிறகு ஒரு தாளில் பாடியவர் பெயர், ஊர், ஏறக்குறைய எந்த ஆண்டு, கூட இருந்தவர்கள் யார் யார் என்று எழுதி கேசட்டோடு சேர்த்து வையுங்கள். அத்தைக்குத் தெரியும் என்றால் இந்த வாரமே அத்தையிடம் கேளுங்கள்.