எழுத்து வேட்டை – 9: ‘சில்ட்ரன்’ வேண்டாம் என்றவர்

சென்ற வாரம் பார்த்ததுதான்: ஒரு சொல்லின் எழுத்துகளை ஏ முதல் இசட் வரையிலான வரிசையில் அடுக்கினால் ‘ஸ்டாப்’, ‘பாட்ஸ்’, ‘டாப்ஸ்’ மூன்றும் ஓ-பி-எஸ்-டி என்று ஒரே முகம் காட்டும். படிக்காதவர்கள் பழைய இதழைத் தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த வாரத்துக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தது இன்னும் கொஞ்சம் கடினமான கேள்வி. கொடுத்த எழுத்துகள் அத்தனையும் சொல்லில் இருந்தாக வேண்டும். வேறு எழுத்துகள் கூட வந்தாலும் பரவாயில்லை. இங்கே அந்த அடுக்கு வித்தை படுத்துவிடுகிறது. ‘ஸ்போர்ட்’டில் ஓ, பி, எஸ், டி நான்கும் இருக்கின்றன. ஆனால் அடுக்கிப் பார்த்தால் பி-க்கும் எஸ்-ஸுக்கும் நடுவே ஆர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓ-பி-எஸ்-டி என்று தேடுகிறவர் கையில் அது அகப்படாது.

இதற்கு அழகான கணக்கு வழி ஒன்று உண்டு. அதை எழுத உட்கார்ந்தபோதுதான் நைஜல் ரிச்சர்ட்ஸ் குறுக்கே வந்தார். இனி அவரைச் சொல்லாமல் நகர முடியாது.

நியூசிலாந்தில் பிறந்து மலேசியாவில் குடியேறியவர். எழுத்துக் காய்களைப் பலகையில் அடுக்கிச் சொல் கட்டும் ஸ்க்ராபிள் ஆட்டத்தில் ஐந்து முறை உலகப் பட்டம்: 2007, 2011, 2013, 2018, 2019. 2015-இல் பிரெஞ்சு மொழி ஸ்க்ராபிளிலும் உலகப் பட்டத்தை அள்ளினார். பிரெஞ்சு பேசத் தெரியாது! சில வாரங்கள் பிரெஞ்சுச் சொற்பட்டியலை மனப்பாடம் செய்ததோடு சரி.

ஸ்க்ராபிள் ஆட்டக்காரர்கள் அவரைப் பற்றி விடாமல் சொல்லும் கதை ஒன்று. அவர் கையில் சி, டி, எச், எல், என், ஆர் என்று ஆறு காய்கள். ஏழாவது வெற்றுக் காய். எந்த எழுத்தாகவும் வைத்துக்கொள்ளலாம். ஓர் உயிரெழுத்துகூட இல்லாத கை. பலகையில் ஓர் ஈ கிடந்தது. வெற்றுக் காயை ஐ ஆக்கினால் ‘சில்ட்ரன்’ என்று ஏழு காயையும் இறக்கிவிடலாம். 50 மதிப்பெண் போனஸ் உறுதி. நாமாக இருந்தால் துள்ளிக் குதித்து வைத்திருப்போம்.

அவர் வைக்கவில்லை. ஒரே வரிசையில் ஓ, இன்னொரு ஓ, ஈ என்று ஒட்டாமல் கிடந்த மூன்று எழுத்துகளைப் பார்த்தார். வெற்றுக் காயை ஒய் ஆக்கி, இடைவெளிகளில் தம் காய்களைச் செருகினார். பத்தெழுத்துச் சொல் விழுந்தது: ‘க்ளோரோடைன்’. நான்காவது, ஆறாவது, பத்தாவது எழுத்துகள் மட்டும் பலகையில் இருந்தவை. மற்ற ஏழும் அவருடையவை.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று போய்ப் பார்த்தேன். அங்கேதான் என் வாரம் காணாமல் போயிற்று. அது நம் மண்ணோடு தொடர்புள்ள மருந்து! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் ராணுவ மருத்துவராக இருந்த ஜான் காலிஸ் ப்ரௌன் காலராவுக்கென்று கூட்டியது. சேர்மானத்தைக் கேளுங்கள்: அபினிச் சாராயம், கஞ்சாச் சாறு, குளோரோஃபார்ம். வலி எப்படி நிற்காமல் இருக்கும்? லண்டன் மருந்து வணிகர் டேவன்போர்ட் வழியாக விற்பனை சூடு பிடித்தது, போலிகள் முளைத்தன, வழக்கு கோர்ட்டுக்குப் போனது, குடித்தவர்களில் பலர் அதற்கு அடிமையானார்கள். இத்தனையும் ஒரு ஸ்க்ராபிள் வரிசைக்குள் அடங்கிக் கிடந்திருக்கிறது. ரிச்சர்ட்ஸுக்கு இந்தக் கதை தெரிந்திருக்க அவசியமே இல்லை. பொருளும் வேண்டாம், கையில் இருக்கும் வரிசையும் வேண்டாம். எந்தெந்த எழுத்து, எத்தனை என்பது மட்டும் போதும்.

கணினிக்கும் அதைத்தான் சொல்லித்தர வேண்டும். பக்கம் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன். பகா எண்களை வரிசையாக எழுத்துகளுக்குக் கொடுங்கள்: ஏ என்றால் 2, பி 3, சி 5... கடைசி இசட் 101. சொல்லின் எழுத்துகளைப் பெருக்குங்கள். ‘கேட்’, அதாவது பூனை: 5 × 2 × 71 = 710. ‘ஆக்ட்’டும் அதே 710. பெருக்கலுக்கு முன்பின் கிடையாதே!

இப்போது ‘அட்டிக்’, அதாவது பரண்: அதன் எண் 11,59,430. இதை 710-ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 1633 வருகிறது. ஆக, பரணுக்குள் பூனை இருக்கிறது. 1633-ஐப் பிரித்தால் 71 × 23. மிச்சமுள்ள எழுத்துகள் டி-யும் ஐ-யும் என்று அதுவே சொல்லிவிடும். எந்த எண்ணையும் பகா எண்களாக ஒரே விதமாகத்தான் பிரிக்க முடியும் என்பதால் இது ஒருநாளும் ஏமாற்றாது.

ஒரே தொல்லை, எண் கிடுகிடுவென வீங்குவது. ‘க்ளோரோடைன்’ மட்டும் 15,21,18,41,62,71,745. இன்னும் நீளமான சொற்களில் சாதாரணக் கணினி எண்ணுக்குரிய இடமே போதாமல் போகும். பெருக்கலே இல்லாமல், 26 சுவிட்சுகளைப் போட்டும் அணைத்தும் இதே வேலையைப் பெரும்பாலும் முடிக்கும் வழியை இந்த வாரமே எழுத வேண்டியது. இடத்தைக் காலிஸ் ப்ரௌன் தின்றுவிட்டார். அடுத்த வாரம் சுவிட்சுகள். அதற்குள் உங்களுக்கு வேலை: 710-ஆல் வகுபடும் ஏழெழுத்து ஆங்கிலச் சொற்களை யோசித்து வையுங்கள்.

(வேட்டை தொடரும்)