பட்டறைப் பாடம் – 9: எவ்வளவு டைட் வைக்கலாம்?

சென்ற வாரம் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்ததோடு நிறுத்தியிருந்தோம். கழற்றுவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வில்லங்கமெல்லாம் திரும்ப மாட்டும்போதுதான்.

பெங்களூரு பிரேசர் டவுன் மாஸ்க் ரோட்டுக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு பட்டறை. தமிழும் உருதும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் புழங்கும் இடம். பழைய புல்லட் ஒன்றுக்குப் புதுப் பிளக் மாட்டிக்கொண்டிருந்தார் பெரியவர். மரையைத் துணியால் துடைத்தார். ஸ்பானரைத் தொடாமல் விரலாலேயே கடைசி வரை திருகினார். “கையில போகலன்னா ஸ்பானர்லயும் போகக் கூடாது சார். கோணலா ஏறுதுன்னு அர்த்தம்” என்றார். அதன்பிறகு ஸ்பானரில் அரைச் சுற்றும் கொஞ்சமும்.

“இன்னும் கொஞ்சம் இறுக்கட்டாண்ணா?” என்றான் பக்கத்தில் நின்ற பையன்.

“போதும்டா, வாஷர் உக்காந்துருச்சு.”

பிளக் கம்பெனிகள் சொல்வதும் இதைத்தான்: 14 மி.மீ. மரை, புது வாஷர் என்றால் கையால் திருகி முடித்தபின் அரை முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்று. பழைய பிளக்கையே மாட்டினால் வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும். பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றே போதும். டார்க் ரெஞ்சில் வைத்தால் அலுமினிய ஹெட்டுக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். இன்றைய ஸ்கூட்டர்கள் பலவற்றில் இருப்பது 10 மி.மீ. பிளக், அதற்கு 10 முதல் 12தான். புல்லட் கையோடு ஸ்கூட்டரைத் தொட்டால் மரை போய்விடும்.

25 நியூட்டன் மீட்டர் என்பது, 25 செ.மீ. நீள ஸ்பானரின் நுனியில் ஏறக்குறைய 10 கிலோ அழுத்தம். அதே ஸ்பானரில் குழாயைச் செருகி நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே அழுத்தத்தில் முறுக்கு 50 ஆகிவிடும். கைக்கு வித்தியாசமே தெரியாது.

எண்ணை மட்டும் நம்பினாலும் ஆபத்துதான். நாம் கொடுக்கும் முறுக்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் மரையிலும் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறையும். ரெஞ்ச் அதே 25 என்று சொல்லும்போதே இழுவை எக்கச்சக்கமாக ஏறியிருக்கும். பிளக் மரையில் எதையும் தடவாதீர்கள் என்று கம்பெனிகள் எச்சரிப்பது இதனால்தான்.

இன்னொரு பொறி, பழைய மேனுவல்கள். அவற்றில் கணக்கு கிலோகிராம் மீட்டரில் இருக்கும். 1 என்றால் 9.8 நியூட்டன் மீட்டர். ரெஞ்சைத் திருப்பும் முன் அலகைப் பாருங்கள். ரெஞ்சில் வைத்த அளவு எட்டி ‘டக்’ என்று ஒருமுறை கேட்டதும் கையை எடுங்கள். உறுதிக்காக இன்னொரு ‘டக்’ வேண்டாம்.

மேனுவல் கிடைக்காத சாதாரண 8.8 தர போல்ட்டுக்கு, உலர்ந்த மரையில், 6 மி.மீ.க்கு 10, 8 மி.மீ.க்கு 25 நியூட்டன் மீட்டர் என்பது பொதுக் கணக்கு. அலுமினியத்தில் இறங்கும் போல்ட் என்றால் இன்னும் குறைவாகவே நிறுத்த வேண்டும்.

அதிகம் அடிவாங்குவது ஆயில் டிரெயின் போல்ட். சொட்டுகிறதே என்ற பயத்தில் ஒவ்வொரு சர்வீஸிலும் கொஞ்சம் கூடுதலாக இறுக்கி, ஒருநாள் என்ஜின் கேஸின் மரையே கையோடு வந்துவிடும். பிறகு புது மரைக்கான கம்பிச்சுருள் (ஹெலிகாயில்) போட வேண்டும், இல்லையேல் கேஸையே மாற்ற வேண்டும். சொட்டுவதற்குக் காரணம் பெரும்பாலும் நசுங்கிய வாஷர். அடுத்த முறை ஆயில் மாற்றும்போது புது வாஷர் போடச் சொல்லுங்கள், சில ரூபாய்தான்.

(அடுத்த வாரம்: ஹெட் போல்ட்டுகளை எந்த வரிசையில் இறுக்குவது?)