யாரு நீ, எங்கேருந்து வந்த?

மதுரை வில்லாபுரம் மாதிரி வீடுகள் ஒட்டி நிற்கும் இடத்தில், ஒரு வீட்டில் உடுக்கை ஒலித்தால் அது அந்த வீட்டோடு நிற்காது. பேயோட்டும் கோடாங்கி வந்திருக்கிறார் என்றால் பக்கத்து வீட்டு அத்தையும் எதிர்வீட்டு மதினியும் திண்ணைக்கு வந்துவிடுவார்கள். தலைமுடி அவிழ ஆடும் பெண்ணிடம் கேள்வி போகும்: "யாரு நீ? எங்கேருந்து வந்த? என்ன வேணும்?" வருகிற பெயர் பெரும்பாலும் தெருவுக்கே தெரிந்த பெயராக இருக்கும். தூக்கு மாட்டிக்கொண்ட பையன், பிள்ளைப்பேற்றில் போனவள், கிணற்றில் விழுந்தவள்.

மானிடவியலாளர் இசபெல் நபகோவ் 1990களின் தொடக்கத்தில் தென்னார்க்காட்டில் இத்தகைய சடங்குகளைப் பதிவு செய்தார். அங்கே பேய் பிடித்தவர்களில் பலர் புதுமணப்பெண்கள். பிடித்ததாகச் சொல்லப்பட்டவை, பெரும்பாலும் காதல் கைகூடாமல் உயிரை மாய்த்துக்கொண்ட இளைஞர்களின் ஆவிகள். புருஷனை அண்டவிடாத பெண்ணின் வாயில் செத்தவனின் ஆசை பேசுகிறது. கடைசியில் அவள் முடிக்கற்றை ஒன்றை மரத்தில் ஆணியடித்துப் பேயை அங்கே கட்டிவிடுவார்கள். இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று மருமகள் சொன்னால் யார் காதில் விழும்? பேய் சொன்னால் மாமியாரும் கேட்டாக வேண்டும். ஆனால் கேட்டு முடித்ததும் அவளைத் திரும்ப அதே கட்டிலுக்குத்தான் அனுப்புகிறார்கள் என்கிறார் நபகோவ். அவர் சொல்வது கசப்பான உண்மை.

சரி, உடம்புக்குள் என்ன நடக்கிறது? பட்டினி, உறக்கமின்மை, வேக மூச்சு. மூச்சு மிகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது, விரல்கள் மரத்துப்போகின்றன. மேளத்தின் தாளமே மூளையின் மின்னலைகளை இழுத்துச் செல்கிறது என்று 1960களில் ஆண்ட்ரூ நெஹர் வாதிட்டார். பிரெஞ்சு இசை ஆய்வாளர் ழில்பேர் ரூழே 1980இல் அதை மறுத்தார். தாளம் மட்டுமே காரணமென்றால் காதுள்ள எல்லோரும் ஆட வேண்டுமே! திண்ணையில் இருக்கும் அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கு வரும், எப்போது வரும், வந்தால் எப்படி ஆட வேண்டும் என்பதெல்லாம் சின்ன வயதிலிருந்தே பார்த்துப் பழகியது. கிறுகிறுப்பை உடம்பு தருகிறது, அதற்குப் பெயரைத் தெரு தருகிறது.

துக்கமும் இதில் சேர்கிறது. டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸில் துணையை இழந்த 293 பேரை விசாரித்து 1971இல் எழுதினார். ஏறத்தாழ பாதிப் பேர், போனவரைக் கண்டோ, குரலைக் கேட்டோ, பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோ இருந்தார்கள். பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பல வருடம் பழகிய காலடிச் சத்தத்தை மூளை இன்னும் எதிர்பார்க்கிறது என்பது ஒரு விளக்கம். நம் பக்கத்தில் "ராத்திரி அவரு வந்துட்டுப் போனாரு" என்று மறுநாளே தண்ணீர்க் குழாயடியில் சொல்லிவிடுவார்கள்.

கொரியாவில் ஆவி பிடிப்பது தெய்வத்தின் அழைப்பாகவும் வரும். காரணம் தெரியாத நோய், கனவு, பசியின்மை. அதற்கு சின்பியோங் என்று பெயர். தெய்வத்தை ஏற்றுக் குறி சொல்லும் முதாங் ஆகும்வரை அது தீராது என்பது நம்பிக்கை. நம்மூரில் அருள்வாக்கு சொல்லும் பல அம்மாக்களின் கதையும் நோயில்தான் தொடங்குகிறது.

வழிபாட்டின் பகுதியாகச் சாமி இறங்குவதை உலக சுகாதார நிறுவனம் நோயாக எண்ணுவதில்லை. வேண்டாமல் வந்து, வாழ்க்கையை முடக்கினால்தான் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. 2007இல் ஜோசப் டல்மாவ் குழுவினர் விவரித்த ஒரு மூளை அழற்சி இளம்பெண்களிடம் அதிகம் வருகிறது: திடீர்ப் பிதற்றல், முறுக்கும் கைகால், வலிப்பு. பார்ப்பவர்களுக்கு அது பேயாகவே தெரியும். இதைத் தூண்டும் சூலகக் கட்டி இருந்தால் அதை அகற்றியும், ஸ்டீராய்டு போன்ற மருந்துகள் கொடுத்தும் பலரைக் குணமாக்கியிருக்கிறார்கள்.