அயனித் திரவங்களின் புறப்பரப்பு இயைபை அறிவதில் நிறை நிறமாலையியல்: பயனும் வரம்பும்

ஆய்வுச் சுருக்கம்

அயனித் திரவத்தின் புறப்பரப்பில் உள்ள அயனிகளின் விகிதம் அதன் உட்பகுதி விகிதத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்பதில்லை. இவ்வேறுபாட்டை அறிய இரண்டாம்நிலை அயனி நிறை நிறமாலையியல், வினைபடு அணுச்சிதறல் நிறை நிறமாலையியல் ஆகிய இரு முறைகள் எவ்வாறு பயன்படுகின்றன என்பதையும், நிறமாலைச் செறிவை இயைபாக மாற்றிப் படிப்பதில் உள்ள இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அயனித் திரவம், புறப்பரப்பு, இமிடசோலியம், நிறை நிறமாலை, சிலிக்கோன் மாசு.

முன்னுரை

100 பாகை செல்சியசுக்குக் கீழே உருகும் உப்புகளே அயனித் திரவங்கள் எனப்படுகின்றன. 12 பாகை செல்சியசில் உருகும் எத்தில் அமோனியம் நைட்ரேட்டைப் பற்றிப் பால் வால்டன் 1914இல் எழுதியது இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. காற்றிலும் ஈரத்திலும் சிதையாத இமிடசோலிய உப்புகளை வில்க்சும் சவரோட்கோவும் 1992இல் வெளியிட்ட பின்னரே இவை பரவலான ஆய்வுப் பொருளாயின.

இவற்றின் ஆவி அழுத்தம் மிக மிகக் குறைவு. இவை ஆவியாகவே மாட்டா என்று பல நூல்கள் இன்றும் எழுதுவது பிழை. உயர் வெப்பத்திலும் தாழ் அழுத்தத்திலும் சிலவற்றைக் காய்ச்சி வடிக்க இயலும் என்பது 2006இல் காட்டப்பட்டது. எனினும் அறை வெப்பநிலையில் உயர் வெற்றிடத்தில் வைத்தால் நீர்போல் கொதித்து மறைவதில்லை. திண்மங்களுக்கென உருவான வெற்றிடக் கருவிகளுள் ஒரு திரவத்தை வைத்து ஆராய இப்பண்பே வழிவகுத்தது.

புறப்பரப்பு ஏன் தனித்து ஆராயப்பட வேண்டும்? நுண்துளைத் திண்மத்தின் மீது அயனித் திரவத்தை மெல்லிய படலமாகப் பூசி அமைக்கும் வினையூக்கிகளில், வினைபடு வளிமம் முதலில் எதிர்கொள்வது திரவத்தின் வெளி அடுக்கையே. அவ்வடுக்கில் எண்ணெய்த்தன்மை கொண்ட ஆல்கைல் சங்கிலிகள் நிற்கின்றனவா, மின்சுமை செறிந்த வளையங்களும் எதிரயனிகளும் நிற்கின்றனவா என்பதைப் பொறுத்து வளிமம் உட்புகும் போக்கு மாறக்கூடும்.

ஓர் எளிய கணக்கு

பியூட்டைல் மெத்தில் இமிடசோலியம் டெட்ராபுளோரோபோரேட்டின் மூலக்கூறு எடை 226. அடர்த்தி ஏறத்தாழ கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம். எனவே ஓர் அயனி இணைக்குரிய இடம் சுமார் 0.31 கன நானோமீட்டர். இதிலிருந்து, ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் மேலடுக்கில் ஏறத்தாழ 2 × 10¹⁴ இணைகள் உள்ளன எனக் கணிக்கலாம். அதே பரப்பின் கீழ் 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள திரவத்தில் இருப்பவையோ 3 × 10²⁰ இணைகள். பரப்பை நாடும் இயல்புடைய ஒரு மாசுப்பொருள் பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே மேலடுக்கு முழுவதையும் மூடிவிட இயலும் என்பது இதன் பொருள். அணுக்கருக் காந்த ஒத்ததிர்வு நிறமாலையில் தூயது எனத் தோன்றும் மாதிரி, புறப்பரப்பில் வேறொரு பொருளாக இருக்கலாம்.

இது வெறும் கற்பனை அன்று. 2006இல் எக்ஸ்-கதிர் ஒளிமின்னணு நிறமாலையியல் வழி ஆராயப்பட்ட, வணிக முறையில் விற்கப்பட்ட ஓர் எத்தில் சல்பேட்டு அயனித் திரவத்தின் பரப்பில் சிலிக்கன் கொண்ட மாசு கண்டறியப்பட்டது. கண்ணாடிக் கருவிகளின் இணைப்புகளில் தடவப்படும் சிலிக்கோன் பசை இத்தகைய மாசுக்கு நன்கறிந்த மூலம்.

இரண்டாம்நிலை அயனி முறை

இம்முறையில் ஆற்றல் மிக்க முதன்மை அயனிகள், குறிப்பாகப் பிஸ்மத் திரள் அயனிகள், பரப்பைத் தாக்குகின்றன. மேலுள்ள ஓரிரு நானோமீட்டர் ஆழத்திலிருந்து துணுக்குகளும் முழு அயனிகளும் வெளியேறுகின்றன. அவற்றை ஒரே மின்னழுத்தத்தால் முடுக்கி, குறித்த தொலைவைக் கடக்க எடுக்கும் காலத்தை அளந்தால் நிறை புலப்படும். 2000 வோல்ட்டில் முடுக்கப்பட்டு 2 மீட்டர் பறக்கும்போது, நிறை 139 கொண்ட பியூட்டைல் மெத்தில் இமிடசோலிய அயனிக்குச் சுமார் 38 மைக்ரோ வினாடியும், நிறை 195 கொண்ட ஆக்டைல் மெத்தில் இமிடசோலிய அயனிக்குச் சுமார் 45 மைக்ரோ வினாடியும் ஆகும்.

மாசினை இனங்காண்பதில் இம்முறைக்கு ஈடாகச் சொல்லத்தக்கவை மிகச் சில. நேரயனி நிறமாலையில் 73, 147 ஆகிய நிறைகளில் முகடுகள் தோன்றினால் அவை மெத்தில் சிலிக்கோனின் அடையாளங்கள். அவற்றைத் தேடிப் பாராமல் வெளியிடப்படும் புறப்பரப்பு முடிவு எதையும் ஐயத்துடன் அணுகுவதே முறை.

இயைபின் அளவை அறிவதோ வேறு. பியூட்டைல், ஆக்டைல் உப்புகளைச் சம மோல் அளவில் கலந்து, 139க்கும் 195க்கும் உரிய முகடுகளின் உயரத்தை ஒப்பிட்டுப் பரப்பு விகிதத்தைக் கூறிவிடலாம் எனத் தோன்றும். அவ்வாறு கூற இயலாது. ஓர் அயனி எதிரயனியின் பிடியிலிருந்து விடுபட்டு வெளியேறும் நிகழ்தகவு அதன் சூழலைப் பொறுத்தது; சூழல் மாறும்போது, எண்ணிக்கை மாறாமலே முகடு உயரும் அல்லது தாழும். மேலும், நீள்சங்கிலி அயனிகள் தாக்குதலில் தம் சங்கிலியை இழந்து நிறை 83 கொண்ட துணுக்காகின்றன. பியூட்டைல் அயனியும் அதே துணுக்கையே தருவதால், 83 எவ்வயனியிலிருந்து வந்தது என்று பிரித்தறிய வழியில்லை.

திண்மங்களில் செய்வதுபோல் அடுக்கடுக்காகச் செதுக்கி ஆழவாரியாக அறியலாமா என்றால், திரவம் அதற்கு இடம் தருவதில்லை. அறை வெப்பநிலையில் இவ்வயனிகளின் விரவல் கெழு வினாடிக்கு 10⁻¹¹ சதுர மீட்டர் என்னும் வரிசையில் உள்ளது; ஒரு வினாடிக்குள் அயனிகள் சில மைக்ரோமீட்டர் நகர்ந்து, தோண்டிய குழியை நிரப்பிவிடும்.

வினைபடு அணுச்சிதறல் முறை

மேற்கண்ட சிக்கலின் வேர், வெளியேற்றமும் அயனியாக்கமும் பரப்பிலேயே பின்னிப் பிணைந்து நிகழ்வதாகும். மான்டனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் டிமோதி மின்டன் குழுவினர் கையாண்ட முறை இவ்விரண்டையும் பிரிக்கிறது. ஏறத்தாழ 5 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நடுநிலை ஆக்சிஜன் அணுக்கற்றை திரவப் பரப்பில் மோதுகிறது. வெளியே நீட்டி நிற்கும் ஆல்கைல் சங்கிலியிலிருந்து ஓர் ஐதரசனைப் பறிக்கும் அணு, ஐதராக்சில் உறுப்பாகப் பறந்து செல்கிறது. நடுநிலையில் உள்ள அதனைத் தொலைவிலுள்ள சுழலும் உணரியில் எலெக்ட்ரான் கற்றையால் அயனியாக்கி, நிறை 17இல் எண்ணுகின்றனர். அயனியாக்கம் திரவத்தின் சூழலிலிருந்து விலகிய இடத்தில் நடப்பதால், எண்ணிக்கை பரப்பின் சங்கிலி அளவோடு நேரடித் தொடர்பு கொள்கிறது. நீராவியின் துணுக்கும் நிறை 17இல் விழும் என்பதால், வந்துசேரும் காலப்பரவலைக் கொண்டு அதனைப் பிரித்தெடுக்க வேண்டியுள்ளது.

எத்தில் உப்பைவிட டோடெகைல் உப்பு மிகுதியான ஐதராக்சிலைத் தந்தது. இது எதிர்பார்க்கத்தக்கதே. இவ்விரண்டின் கலவைகள் பற்றி 2018இல் ஃபாரடே விவாதங்கள் இதழில் வெளியான ஆய்வுதான் கூடுதல் கவனத்திற்குரியது: உட்பகுதியில் உள்ளதைவிட உயர்ந்த விகிதத்தில் டோடெகைல் அயனி பரப்பில் செறிகிறது. ஹெரியட்-வாட் பல்கலைக்கழகக் குழுவினர் தாழ் ஆற்றல் ஆக்சிஜன் அணுக்களையும், நிறை நிறமாலைக்கு மாற்றாக லேசர் தூண்டு ஒளிர்தலையும் கொண்டு இதே வினையை அளந்து வருகின்றனர். கண்டறியும் வழி வேறுபட்டும் இரண்டும் ஒரே திசையைக் காட்டுவது முடிவுக்கு வலுச் சேர்க்கிறது. ஆயினும் இம்முறை ஐதரசனை மட்டுமே காண்கிறது. எதிரயனி எங்குள்ளது என்பதை அது மறைமுகமாகவே உணர்த்தும். அதற்கு இரண்டாம்நிலை அயனி முறையின் எதிரயனி நிறமாலையையோ ஒளிமின்னணு முறையையோ நாட வேண்டும்.

இரு முறைகளுக்கும் பொதுவான ஒரு குறையும் உண்டு. டெட்ராபுளோரோபோரேட்டு போன்ற உப்புகள் காற்றிலுள்ள ஈரத்தை விரைந்து உறிஞ்சுவன. வெற்றிடத்தில் அந்நீரின் பெரும்பகுதி நீங்கிவிடுகிறது. ஆகவே கருவியுள் அளக்கப்படும் பரப்பு, வினையூக்கியில் ஈர வளிமத்தைச் சந்திக்கும் பரப்பு அன்று.